படைப்பை மாற்றுவதா, பழுதை நீக்குவதா? மரபணு மருத்துவம் பற்றி மார்க்கத்தின் பார்வை

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அம்மா பஃது.

மரபணு, ஜீன், பயோடெக்னாலஜி என்ற வார்த்தைகளை இப்போது அடிக்கடி கேட்கிறோம். இதைக் கேட்டவுடன் நம்மில் சிலர், அல்லாஹ்வின் படைப்பிலேயே கை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள், கியாமத் நெருங்கிவிட்டது என்கிறார்கள். வேறு சிலர், விஞ்ஞானம் சொன்னால் முடிந்தது, இதில் ஹலால் ஹராம் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார்கள். இரண்டு பேச்சுமே அவசரப் பேச்சு. எது படைப்பை மாற்றுவது, எது படைப்பில் ஏற்பட்ட பழுதை நீக்குவது என்று பிரித்துப் பார்க்கும் அளவுகோலை நம் மார்க்கம் கொடுத்திருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நம் வீட்டுக்குள் வந்துவிட்ட மருந்து

இது ஏதோ அமெரிக்காவிலும் லண்டனிலும் நடக்கும் விஷயம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானது. நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிப் பேருக்கு மேல் என்று அது சொல்கிறது. இந்த மஸ்ஜிதின் எந்த ஸஃப்பை எடுத்துக்கொண்டாலும் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் பலருடைய வீட்டு ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கும். அந்தச் சின்ன பாட்டிலுக்குள் இருப்பது மரபணு தொழில்நுட்பத்தால் செய்யப்பட்ட மருந்துதான். நாற்பது வருடங்களுக்கும் மேலாக உலகம் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

இன்சுலின் என்பது நம் கணையத்தில் அல்லாஹ் சுரக்க வைத்திருக்கும் ஒன்று. அது சுரக்காவிட்டால் சாப்பிட்ட சாப்பாடு உடம்புக்குச் சேராது. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி நிற்கும். முதல் வகை சர்க்கரை நோய் வந்த பிள்ளைகள் நூறு வருடங்களுக்கு முன்னால் பெற்றோரின் கண் முன்னாலேயே மெலிந்து மெலிந்து மௌத்தாகிப் போவார்கள். 1921இல் கனடா நாட்டின் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது ஊசியாகப் போடப்பட்டது. முதல் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. காலிப் என்ற இன்னொருவர் அதைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, சாவின் விளிம்பில் இருந்த அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பதிமூன்று வருடம் வாழ்ந்தான்.

ஆனால் அந்த இன்சுலின் எங்கிருந்து வந்தது? அறுக்கப்பட்ட மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து வந்தது. வெறும் எட்டு அவுன்ஸ், அதாவது கால் கிலோவுக்கும் குறைவான இன்சுலின் எடுக்க, இரண்டு டன்னுக்கு மேல் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. பன்றியின் இன்சுலின் அதிலிருந்து ஒரே ஒன்றில் மட்டும் வேறுபடுகிறது, மாட்டின் இன்சுலின் மூன்றில் வேறுபடுகிறது. அதனால் அவை நம் உடம்பில் வேலை செய்தன. சிலருக்கு ஒவ்வாமையும் வந்தது.

1978இல் நிலைமை மாறியது. அமெரிக்காவில் ஜெனன்டெக் என்ற கம்பெனியின் விஞ்ஞானிகளும் சிட்டி ஆஃப் ஹோப் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து, இன்சுலினைச் செய்யச் சொல்லும் மரபணுவை ரசாயன முறையில் தாங்களே கோர்த்தார்கள். அதை ஈ கோலை என்ற சாதாரண பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அந்த பாக்டீரியா மனித இன்சுலினைச் செய்து கொடுத்தது. 1982இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக அனுமதித்தது. மரபணு மாற்றத்தின் மூலம் செய்யப்பட்டு மனிதர்களுக்காக அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் இன்சுலின்கள் பெரும்பாலும் இப்படி பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ வளர்த்து எடுக்கப்படுபவைதான்.

தெரியாமல் சொன்ன ஒரு வார்த்தை

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் மஹல்லாவில் ஒரு பெரியவர், வருடக்கணக்கில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று ஊசியை நிறுத்திவிட்டார். இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது, போட்டுக்கொண்டு தொழுதால் தொழுகை கூடாது என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருக்கிறார். பேணுதலுக்காகத்தான் நிறுத்தினார், பாவம். மூன்றாம் நாள் நினைவு தப்பிய நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அல்லாஹ் காப்பாற்றினான்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூதில் வருகிறது. பிரயாணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மௌத்தாகிவிட்டார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடும் கோபம் கொண்டார்கள். அவரை அவர்கள்தான் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்ற நோய்க்கு மருந்தே கேட்பதுதான் என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

மார்க்கத்தின் பெயரால், தெரியாமல் சொல்லப்பட்ட ஒரு வார்த்தை ஓர் உயிரைக் கொன்றது. ஃபார்வர்ட் பட்டனை அழுத்தும் முன் இந்த ஹதீஸ் நமக்கு நினைவு வர வேண்டும்.

நிர்ப்பந்தமும் அதன் எல்லையும்

சரி, மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த இன்சுலின் மட்டுமே இருந்த அந்த அறுபது வருடங்களில் முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்? உயிருக்கு ஆபத்து, வேறு மருந்து இல்லை என்ற நிலையில், பன்றி இன்சுலினையும் பயன்படுத்த உலமாக்கள் அனுமதித்தார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 173ஆவது வசனத்தில் அல்லாஹ், விலக்கப்பட்டவற்றைச் சொல்லிவிட்டு, வரம்பு மீறாமலும் விருப்பத்தோடு தேடிப் போகாமலும் நிர்ப்பந்தத்திற்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்ற கருத்தைச் சேர்த்தே சொல்கிறான். ஃபிக்ஹுடைய சட்ட விதியும் இதை ஒட்டித்தான் வந்தது: நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும். ஆனால் நிர்ப்பந்தம் எந்த அளவோ அந்த அளவுக்கு மட்டும்தான்.

இந்த இரண்டாவது பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். மாற்று மருந்து வந்துவிட்டால் அந்த அனுமதியும் முடிந்துவிடுகிறது. பாக்டீரியாவிலிருந்து இன்சுலின் வந்த பிறகு, அது கைக்கெட்டும் விலையில் கிடைக்கும் இடத்தில், பன்றி இன்சுலினைத் தேட நமக்குக் காரணம் இல்லை. நம்மைச் சங்கடத்திலிருந்து விடுவித்ததே இந்த மரபணு ஆராய்ச்சிதான் என்பதையும் கவனிக்க வேண்டும். படைப்பில் கை வைக்கிறார்கள் என்று எதை ஏசினோமோ, அதுதான் ஒரு ஹராமிலிருந்து நம்மை மீட்டிருக்கிறது.

மனித மரபணுவை பாக்டீரியாவில் வைக்கிறார்களே, மனித உறுப்பைப் பயன்படுத்துவது ஆகாதே என்று ஓர் ஆலிம் கேட்கலாம். நல்ல கேள்வி. 1978இல் செய்தது எந்த மனிதனின் உடலிலிருந்தும் வெட்டி எடுக்கப்பட்டதல்ல. ரசாயனப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கோர்த்தது. ஒரு சமையல் குறிப்பைப் படித்து, வேறொரு அடுப்பில் சமைப்பது போல. இதில் மனிதனுடைய கண்ணியம் குறைவதில்லை.

எல்லா மருந்தும் இப்படி விடுதலையாகிவிடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க டயாலிசிஸிலும் இருதய ஆபரேஷனிலும் கொடுக்கும் ஹெப்பாரின் இன்றும் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஒரு பொருள் முழுமையாக உருமாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் இதற்கு விசாலம் அதிகம். ஷாஃபிஈ மத்ஹபில் குறைவு. எந்த மத்ஹபை எடுத்தாலும் உயிர் காக்கும் நேரத்தில் நிர்ப்பந்தம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. ஆகவே ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு டாக்டரிடம் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அதுதான் பேணுதல்.

தங்க மூக்கு

இனி பெரிய கேள்விக்கு வருவோம். அந்நிஸா அத்தியாயம் 119ஆவது வசனத்தில், மனிதர்களை ஏவி அல்லாஹ்வின் படைப்பை மாற்றச் செய்வேன் என்று ஷைத்தான் சபதமிட்டதாக வருகிறது. மரபணு மருத்துவம் இதில் சேருமா?

இதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்ற தோழர் ஜாஹிலிய்யா காலத்தில் குலாப் என்ற போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் ஒரு மூக்கு செய்து பொருத்திக்கொண்டார். அது துர்நாற்றம் வீச ஆரம்பித்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் மூக்கு செய்துகொள்ளும்படி அவருக்குச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் பதிவான செய்தி இது.

யோசித்துப் பாருங்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம். இருந்தும் அனுமதித்தார்கள். அழகுக்காகப் பல்லை இடைவெளி விட்டு ராவிக்கொள்ளும் பெண்களைக் கண்டித்த அதே நபி (ஸல்) அவர்கள்தான் இதைச் செய்யச் சொன்னார்கள். ஒன்று, அல்லாஹ் கொடுத்ததில் திருப்தி இல்லாமல் மாற்றுவது. மற்றொன்று, இழந்ததைத் திரும்பக் கொண்டுவருவது. படைப்பை மாற்றுவதும் பழுதை நீக்குவதும் வேறு வேறு என்று இந்த ஒரு ஹதீஸிலிருந்து நமக்கு விளங்குகிறது.

ஒரே ஓர் எழுத்து

இந்த அளவுகோலை இன்றைய புது மருந்து ஒன்றில் வைத்துப் பார்ப்போம். அரிவாள் செல் ரத்தசோகை என்று ஒரு நோய். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த ஓர் எழுத்தால் வட்டமாக இருக்க வேண்டிய ரத்த அணு அரிவாள் போல வளைந்து, நரம்பில் அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத வலி வரும், உறுப்புகள் பழுதாகும், ஆயுள் குறையும். இது தூர தேசத்து நோய் அல்ல. நம் நீலகிரி மலையில் வாழும் பழங்குடி மக்களிடம் இது இருப்பதை 1952லேயே கண்டறிந்தார்கள். 2047க்குள் இதை ஒழிக்க 2023 ஜூலையில் மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது.

அதே 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் கேஸ்ஜெவி என்ற சிகிச்சையை அனுமதித்தன. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் வந்த முதல் மருந்து. இதைக் கண்டுபிடித்த இரு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உற்பத்தி செய்யும் செல்களை வெளியே எடுத்து, அதில் ஒரு இடத்தை வெட்டி, திரும்ப உடம்பில் செலுத்துகிறார்கள்.

எந்த இடத்தை வெட்டுகிறார்கள் தெரியுமா? நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்து சில மாதங்களில் உடம்பு அதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு மற்றொன்றைத் தொடங்கும். அந்த நிறுத்தும் விசையைத்தான் வெட்டுகிறார்கள். கர்ப்பத்தில் அல்லாஹ் ஓட வைத்த அந்த ரத்தம் மறுபடி ஓடத் தொடங்குகிறது, வலி குறைகிறது. மனிதன் புதிதாக ஒன்றைப் படைத்துவிடவில்லை. அல்லாஹ் வைத்திருந்த ஒரு கதவைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்திருக்கிறான். நான் நோயுற்றால் அவனே குணமளிக்கிறான் என்ற கருத்தில் இப்ராஹீம் (அலை) அவர்கள் சொன்ன ஈமானுக்கு இது முரணா? இதைப் பார்க்கும்போது ஈமான் கூடத்தான் வேண்டும்.

கோடு எங்கே?

அப்படியானால் எல்லாமே கூடுமா? இல்லை. 2018 நவம்பரில் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி, கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்ததாக அறிவித்தார். எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் இருக்கவாம். அந்தக் குழந்தைகளுக்கு நோயே இல்லை. விஞ்ஞான உலகமே கண்டித்தது. 2019 டிசம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

கேஸ்ஜெவிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே நோயாளி இருக்கிறார், தன் உடம்புக்குத் தானே சம்மதம் சொல்கிறார், மாற்றம் அவரோடு முடிந்துவிடுகிறது. இங்கே நோய் இல்லை, சம்மதம் சொல்ல ஆள் இல்லை, மாற்றம் அந்தக் குழந்தைகளின் வாரிசுகளுக்கும் போகக்கூடியது.

வாரிசுகளுக்குப் போனால் என்ன, நல்லதுதானே என்று நினைக்கலாம். அரிவாள் செல் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த எழுத்து வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், அது மலேரியாவின் கடுமையிலிருந்து அந்த மனிதரைப் பாதுகாக்கிறது. நாம் பழுது என்று மட்டும் நினைத்த ஒன்றுக்குள் அல்லாஹ் ஒரு பாதுகாப்பையும் வைத்திருக்கிறான். ஆகவே ஒரு நோயாளியின் வேதனையைத் தீர்ப்பதற்கு நம் அறிவு போதும். இனி வரப்போகும் தலைமுறைகள் அனைத்துக்குமாக ஓர் எழுத்தை அழிக்கும் அளவுக்கு நம் அறிவு போதாது.

மக்காவில் இயங்கும் ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1998இலேயே இதைப் பற்றி விவாதித்தது. நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் மரபணுத் துறையைப் பயன்படுத்துவது கூடும், மனிதனின் ஆளுமையோடும் இயல்போடும் விளையாடுவது கூடாது என்பது அதன் தீர்மானத்தின் சாரம். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால் அதன் விளைவுக்கு அவரே பொறுப்பு என்றும் நபிமொழி இருக்கிறது. அறியாமல் கை வைப்பவருக்கு இந்த எச்சரிக்கை பொருந்தும், அவர் எவ்வளவு பெரிய பட்டம் வைத்திருந்தாலும் சரி.

மீதமான தண்ணீர்

சகோதரர்களே, ஹராம் எங்கே என்று பாட்டிலுக்குள்ளேயே தேடுகிறோம். அதன் விலைச் சீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கேஸ்ஜெவி சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 18 கோடி ரூபாய். நீலகிரி மலையில் வலியால் துடிக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இந்த மருந்து இருந்தும் இல்லாததுபோலத்தான்.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் 1996இல் 21 டாலருக்கு வந்த ஹ்யூமலாக் என்ற ஒரு பாட்டில் இன்சுலின், இருபது வருடத்தில் சுமார் 275 டாலர் ஆனது. அந்த மருந்து அதே மருந்துதான். கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2023இல்தான் கம்பெனி விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது.

உழைத்துக் கண்டுபிடித்தவர் லாபம் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. கண்டுபிடிப்புக்கு உரிமை உண்டு என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988லேயே ஏற்றுக்கொண்டது. ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது, பல மருந்துகள் பாதியிலேயே தோற்றுப்போகின்றன, உண்மைதான். ஆனால் அந்த உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பார்க்காத மூவரில் ஒருவராக, தன்னிடம் மீதமிருந்த தண்ணீரை வழிப்போக்கருக்குக் கொடுக்காமல் தடுத்தவரை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். புகாரியில் வருகிறது. கிணறு அவருடையதுதான். தாகத்தில் உயிர் போகும்போது அந்தச் சொந்தம் செல்லாது. மருந்தும் தாகத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர்தான்.

கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி மருத்துவமனை வக்ஃபு சொத்துகளின் வருமானத்தில் நடந்தது. ஏழை, பணக்காரர், ஆண், பெண், ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பாராமல் இலவசமாக வைத்தியம் பார்த்தது. நம் காலத்திலும் நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற கம்பெனி 1997இல் மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக, மரபணு முறையில் ஈஸ்ட்டிலிருந்து தடுப்பூசி செய்து, வெளிநாட்டு ஊசியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்றது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: மார்க்கத்தின் பெயரால் யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமும் ஆலிமிடமும், இருவரிடமும் கேளுங்கள்.

இரண்டு: நம்மிடம் சொந்தத்துக்குள் திருமணம் அதிகம். அது ஹலால்தான். ஆனால் குடும்பத்தில் தலசீமியா, அரிவாள் செல் போன்ற ரத்த நோய் இருந்தால், நிக்காஹ் பேசும் முன் மணமகன், மணமகள் இருவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சவூதி அரேபியாவில் 2004 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 18 கோடி மருந்து தேவைப்படும் நிலையைச் சில நூறு ரூபாய் பரிசோதனையால் தவிர்க்க முடியுமானால், அதைச் செய்வது தவக்குலுக்கு எதிரானது அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் சுன்னத்.

மூன்று: நம் பைத்துல்மாலில் மருந்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவோம். மாதா மாதம் இன்சுலின் வாங்க முடியாமல் அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்பவர் நம் தெருவிலேயே இருப்பார். ஓர் உயிரை வாழ வைப்பது மனித குலம் முழுவதையும் வாழ வைப்பதற்குச் சமம் என்ற கருத்தை அல்மாயிதா 32ஆவது வசனத்தில் மேடையில் ஓதிவிட்டு, அவரைக் கண்டுகொள்ளாமல் போக முடியாது.

நான்கு: பிள்ளைகளில் ஆர்வமுள்ளவர்களை இந்தத் துறையில் படிக்க வையுங்கள். பன்றிக்குப் பதில் பாக்டீரியா என்று ஒருவர் தேடியதால்தான் நமக்கு ஒரு ஹலால் வழி கிடைத்தது. ஹெப்பாரினுக்கு அந்த வழியைத் தேடும் கூட்டத்தில் நம் பிள்ளையும் இருக்கட்டும்.

யா அல்லாஹ்! நோயுற்றிருக்கும் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. எங்களுக்குப் பயனுள்ள கல்வியையும், அதன் எல்லை எது என்று அறியும் பணிவையும் தருவாயாக. எங்கள் கையிலுள்ளதை இல்லாதவருக்குக் கொடுக்கும் மனதைத் தருவாயாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.